காந்தியடிகளும் கைவிட்ட பழக்கங்களும்

பெரியோர் சரித்திரங்களை வாசிக்கும் வாலிபருக்கு ஒரு சங்கடம் உண்டு. புத்தகத்திலே அவர்கள் தொட்டிலிலிருந்தே உறுதி படைத்தவர்களாகக் காணப்படுகிறார்கள். நாமோ தைப்பொங்கலன்று ஒரு கொப்பி வாங்கி நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, மாசி முடியுமுன்னே அதை அலுமாரிக்கு மேலே போட்டுவிடுகிறோம். திருவெம்பாவைக் காலத்திலே பத்து நாளும் சங்குச் சத்தத்தோடு எழுந்தவர், பதினோராம் நாள் வெயில் ஏறும்வரை படுத்திருக்கிறார். தேகப்பயிற்சியும், தேவாரம் மனனஞ் செய்வதும், ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பதும் இப்படியே தொடங்கி இப்படியே முடிகின்றன. பழக்கம் ஒன்று விட்டுப்போவதால் வரும் நட்டம் சிறிது. தான் எடுத்த முடிவைத் தானே நிறைவேற்ற மாட்டேன் என்றோர் அவநம்பிக்கை உள்ளே குடியேறுகிறதே, அந்த நட்டமே பெரிது. இரண்டு மூன்று முறை அப்படி நேர்ந்தபின் அவ்வாலிபன் எதையும் தொடங்கவே கூசுகிறான்.

இந்த நோயைத் தம் அநுபவத்திலே நன்றாக அறிந்த ஒருவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். மகாத்மா காந்தி என்று உலகம் போற்றும் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியே அவர். அவருடைய பெருமைகளை எல்லோரும் அறிவர். அவர் தொடங்கி விட்டவை, தவறியவை, கடைசிவரை கைகூடாதவை ஆகியவற்றின் பட்டியலும் நீளமானதென்பதை அறிந்தவர் சிலரே. அந்தப் பட்டியலைத் தந்தவரும் அவரே. 1925 ஆம் ஆண்டு முதல் 1929 ஆம் ஆண்டு வரை நவஜீவன் பத்திரிகையிலே வாரந்தோறும் தம் சரித்திரத்தை எழுதி வந்தபோது, தம் தோல்விகளை ஒளிக்காமல் அதிலே பதிந்து வைத்தார்.

அவர் 1869 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி கத்தியவாரிலுள்ள போர்பந்தரிலே பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி அந்தச் சமஸ்தானத்தின் திவான். தாயார் புத்லிபாய் விரதங்களிலே மிக்க பற்றுள்ளவர். மழைக்காலத்து நான்கு மாதமும் நோன்பு காக்கும் வழக்கம் அந்நாட்டிலே உண்டு. ஓராண்டு அவ்வம்மையார் அக்காலத்திலே சூரியனைக் காணாமல் உண்பதில்லை என்று நியமம் பூண்டார். பிள்ளைகள் முற்றத்திலே நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்; மேகம் விலகியதும் ஓடிப்போய்த் தாயை அழைப்பார்கள். அவர் வெளியே வருமுன் சூரியன் மறைந்துவிடும். இன்றைக்கு உணவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பிவிடுவார். நமது ஊர்களிலே கந்தசட்டி இருக்கும் தாய்மாரைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதாயிராது.

தாயிடம் இருந்த உறுதி மகனிடம் அக்காலத்திலே கிடையாது. அவர் மிகக் கூச்சமுள்ள பிள்ளை. மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஓடிவிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்துப் பரிகாசம் செய்துவிடுவார்களோ என்ற பயம். இருட்டுக்கும், பாம்புக்கும், பேய்க்கும், கள்வருக்கும் அஞ்சினார். ரம்பா என்ற பழைய வேலைக்காரி இராமநாமத்தைச் சொல்லும்படி கற்பித்தாள். சில காலம் சொல்லிவந்து அதையும் விட்டார். அந்த விதை பிற்காலத்திலே முளைத்தது வேறு கதை.

இராஜ்கோட்டிலே உயர்தரப் பள்ளியில் வாசித்த காலத்தில் தேகப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அவருக்கோ அது பிடிக்காது. நோயாளியான தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டியுமிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை வானம் மூடியிருந்தது. கையிலே மணிக்கூடு இல்லை. நேரம் தெரியாமல் பிந்திப் போனார். எல்லோரும் கலைந்துவிட்டனர். மறுநாள் அவர் சொன்ன காரணத்தைத் தலைமையாசிரியர் நம்பாமல் ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார். பொய்யனென்று எண்ணப்பட்டதற்காக அவர் அழுதார். உண்மை பேச விரும்புகிறவன் கவனமுள்ளவனாயும் இருக்க வேண்டும் என்று அன்று அவர் கண்டுகொண்டார். தேகப்பயிற்சியை விட்டாலும், திறந்த வெளியிலே நெடுந்தூரம் நடத்தல் நன்று என்று ஒரு புத்தகத்திலே வாசித்து நடக்கத் தொடங்கினார். அந்தப் பழக்கம் சாகும்வரை அவரை விடவில்லை. ஒன்று கைகூடாதபோது அதே பயனைத் தரும் வேறொன்று கைகூடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்து விடயத்திலே அதுவும் நடக்கவில்லை. அழகாக எழுதுதல் கல்வியின் ஓர் அங்கமல்ல என்று சிறுவயதிலே எப்படியோ எண்ணிவிட்டார். பின்பு தென்னாபிரிக்காவிலே வழக்கறிஞர்களும் வாலிபர்களும் முத்து முத்தாக எழுதுவதைக் கண்டு வெட்கினார், திருத்த முயன்றார், காலங் கடந்துவிட்டது. 1909 ஆம் ஆண்டு கப்பலிலே இந்து சுயராச்சியம் என்னும் நூலைப் பத்து நாளிலே எழுதியபோது வலக்கை களைத்துப்போக இடக்கையாலும் எழுதினார். எழுத்தோ கடைசிவரை அழகாகவில்லை. அதற்காக எழுதாமலிருந்து விடவுமில்லை.

பதின்மூன்று வயதிலே கஸ்தூரிபாயுடன் விவாகம் நடந்தது. அக்காலத்துச் சிநேகிதன் ஒருவன் மாமிசம் உண்டால்தான் தைரியமும் பலமும் வருமென்று போதித்தான். சுமார் ஓராண்டிலே ஐந்தாறு முறை இரகசியமாய் உண்டார். வீட்டிலே பசியில்லை என்று தாய்க்குப் பொய் சொல்ல நேர்ந்ததே அவரை வருத்தியது. தாய் தந்தையர் இருக்கும்வரை உண்பதில்லை என்று விட்டுவிட்டார். அதற்கு முன்னே சுருட்டுத் துண்டு பொறுக்கிப் புகைத்ததும், அதற்காக வேலைக்காரரின் சில்லறையை எடுத்ததும் உண்டு. பதினைந்தாம் வயதிலே தமையனின் கடனைத் தீர்க்க அவன் கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டினார். அது மனத்தை அறுத்தது. வாயாற் சொல்லத் துணிவில்லாமல் ஒரு காகிதத்திலே எழுதி, தண்டனையையும் வேண்டி, இனிக் களவு செய்வதில்லை என்ற உறுதியையும் சேர்த்து, படுக்கையிலிருந்த தந்தையிடம் நீட்டினார். தந்தை வாசித்துக் கண்ணீர் விட்டார், காகிதத்தைக் கிழித்தார், ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அந்த உறுதி பின்பு ஒருநாளும் தளரவில்லை. தனக்குள்ளே இரகசியமாய் எடுத்த பல முடிவுகள் தளர்ந்தவருக்கு, மற்றொருவர் கையிலே எழுதிக் கொடுத்த முடிவு நிலைத்தது.

1885 ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். 1887 ஆம் ஆண்டு பிரவேசப் பரீட்சையிலே தேறிப் பவநகரிலுள்ள சாமள்தாஸ் கல்லூரியிற் சேர்ந்தவர் பாடங்களைப் பின்பற்ற முடியாமல் முதற் தவணையோடு வீடு திரும்பினார். ஒரு குடும்ப நண்பரின் ஆலோசனைப்படி இங்கிலாந்து சென்று பாரிஸ்டராவதென முடிவாயிற்று. தாய் அஞ்சினார். பேச்சர்ஜி என்னும் சமண முனிவர் முன்னிலையிலே மது, மாமிசம், பிற மாதர் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று மகன் சத்தியஞ் செய்த பின்னரே தாய் விடைகொடுத்தார். 1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆந் திகதி பம்பாயிலிருந்து கப்பலேறினார்.

இலண்டனிலே முதல் மாதங்களிற் பசியோடு கிடந்தார். அவித்த மரக்கறி வாய்க்கு உதவவில்லை. இன்னும் இரண்டு துண்டு பாண் கேட்கக் கூச்சம். நண்பர் ஒருவர் தத்துவ நூல்களை வாசித்துக் காட்டி, படிப்பறியாத தாய்க்குச் செய்த சத்தியம் சத்தியமேயல்ல என்று வாதித்தார். காந்தியாருக்குப் பதில் வாதம் தெரியாது. வாதத்திலே தோற்றாலும் சத்தியத்தை மீற முடியாதென்று மட்டும் சொன்னார். பல நாள் அலைந்து பாரிங்டன் வீதியிலே ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டுபிடித்தார். அங்கே ஒரு சிலிங் கொடுத்து வாங்கிய நூலொன்றை வாசித்தபின் தாய்க்காகக் காத்த விரதம் தன் சொந்த விரதமாயிற்று.

மாமிசம் உண்ணாத குறையை வேறு வகையிலே ஈடுசெய்ய வேண்டுமென்று அக்காலத்திலே ஒரு மயக்கம் அவரைப் பிடித்தது. முழு ஆங்கிலக் கனவானாகிவிட முனைந்தார். பத்தொன்பது சிலிங்குக்குத் தொப்பி. பத்துப் பவுணுக்கு மாலை உடுப்பு. தமையனிடம் எழுதித் தங்கச் சங்கிலி. கண்ணாடி முன்னே நாள்தோறும் பத்து நிமிடம் கழுத்துப்பட்டி கட்டினார். நடனம் பழக மூன்று பவுண் கட்டி மூன்று வாரத்திலே ஆறு பாடம் கேட்டார்; கால் தாளத்தோடு சேரவில்லை. காது பழக வேண்டுமென்று மூன்று பவுணுக்கு வயலின் வாங்கினார். பேச்சுக் கலைக்கு வேறோர் ஆசிரியர். நம்மிலே பலர் ஒரே மாதத்திலே நான்கு நல்ல பழக்கங்களைத் தொடங்குகிறோமே, அதே கூத்துத்தான். மூன்று மாதமளவிலே மயக்கம் தெளிந்தது.

தெளிந்தபோது அவர் செய்ததே நமக்குப் பாடம். மெல்ல மெல்லப் போகாமல் நின்றுவிட்டு மனத்திலே குறுகுறுப்பை வளர்க்கவில்லை. பேச்சு ஆசிரியருக்கும் நடன ஆசிரியருக்கும் கடிதம் எழுதி விடைபெற்றார்; வயலின் ஆசிரியையிடம் நேரே சென்று, அதை வந்த விலைக்கு விற்றுத் தரும்படி கேட்டுக்கொண்டார். தமக்குத் தேவையற்றதென்று கண்டதை எழுத்திலே முடித்து வைத்தபின் அது அவரைத் தோல்வியாக நின்று குத்தவில்லை. நம் அலுமாரிக்கு மேலே கிடக்கும் கொப்பிகளோ முடிக்கப்படாத வழக்குகள்போலக் கிடந்து நம்மைப் பார்க்கின்றன.

அந்த ஆரவாரத்தினூடே சத்தமில்லாத ஒரு பழக்கம் அவரிடம் வேரூன்றியிருந்தது. செலவான ஒவ்வொரு காசையும் கணக்கு எழுதுவார். வண்டிக் கட்டணம், தபால் முத்திரை, பத்திரிகைக்குக் கொடுத்த இரண்டொரு செப்புக்காசு யாவும் அதிலே ஏறும். படுக்கைக்குப் போகுமுன் மீதியைக் கையிருப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இதற்கு வேண்டியது ஐந்து நிமிடமும் ஒரு பென்சிலுமே. ஆயினும் ஒவ்வோர் இரவும் ஒரு காரியம் முழுமையாக முடிந்தது. முடிந்ததா இல்லையா என்பதிற் சந்தேகத்துக்கு இடமில்லை. அக்கணக்கைப் பார்த்தே செலவைப் பாதியாகக் குறைத்தார். ஓர் அறைக்கு மாறினார். காலை உணவைத் தாமே சமைத்தார். எங்கும் நடந்து போனார். பிற்காலத்திலே இலட்சக்கணக்கான பொதுப்பணம் கையிலே புரண்டபோதும் கடன்படாமல் மீதி வைக்க முடிந்ததற்கு இதுவே காரணமென்று அவர் கருதினார். இலண்டன் பிரவேசப் பரீட்சையிலே இலத்தீனில் ஒருமுறை தவறியவர், மறுமுறை அதே பாடத்தை எடுத்துத் தேறியதும் இக்காலத்திலேதான்.

இவ்வளவும் செய்தும் கூச்சம் போகவில்லை. மரக்கறி உணவினர் சங்கத்திலே அவர் எழுதிக்கொண்டு வந்த பேச்சை வேறொருவர் வாசிக்க வேண்டியதாயிற்று. ஊர் திரும்புமுன் தாமே கொடுத்த விருந்திலே, மனனஞ் செய்த நகைச்சுவைப் பேச்சு முதல் வாக்கியத்தோடு மறந்துபோக, நன்றி சொல்லி இருந்துவிட்டார். 1891 ஆம் ஆண்டு யூன் 10 ஆந் திகதி பாரிஸ்டராகி, 12 ஆந் திகதி கப்பலேறினார். பம்பாயில் இறங்கியதுமே தாய் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது.

பம்பாயிலே நம்மவர் அப்புக்காத்து வேலை என்று சொல்லும் தொழிலைத் தொடங்கினார். முதல் வழக்கு மமீபாய் என்ற பெண்ணுடையது. கூலி முப்பது ரூபா. எதிராளியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறொருவரை அமர்த்தும்படி சொல்லிவிட்டு நீதிமன்றத்தை விட்டு விரைந்தார். எழுபத்தைந்து ரூபாச் சம்பளத்துக்கு ஆசிரியர் வேலை கேட்டுப் போனார். பட்டதாரியல்லர் என்று அதுவும் கிடைக்கவில்லை. அப்போது வயது இருபத்திரண்டோ மூன்றோ. இன்றைக்கு நம்மூரிலே அப்படி ஒரு பிள்ளை வீட்டிலே இருந்தால் அயலார் என்ன சொல்லுவார்களென்று எண்ணிப் பாருங்கள்.

1893 ஆம் ஆண்டு ஒரு வியாபாரக் கம்பனியின் வழக்குக்காகத் தென்னாபிரிக்கா சென்றார். பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்திலே புகையிரதத்திலிருந்து தள்ளப்பட்ட கதை யாவரும் அறிந்ததாதலின் இங்கு விரிக்கவில்லை. அவ்வாண்டிலேயே பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டிப் பேசினார். பேச்சு நின்றுபோகவில்லை. நாவன்மை திடீரென்று வந்ததனாலன்று. வியாபாரத்திலே உண்மை என்பது பொருள்; அதைப்பற்றித் தாம் அறிந்ததையே ஆயத்தஞ் செய்துகொண்டு போனார்; கேட்டவர்கள் துன்பப்படும் தம் மக்கள். தன்னை எப்படி மதிப்பார்களோ என்ற எண்ணம் ஒதுங்கியபோது நா அசைந்தது. மறு ஆண்டு நேற்றால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கிய காலத்திலே, பல்லுடைந்து இரத்தம் வழியத் தலைப்பாகையைக் கையிலே பிடித்துக்கொண்டு பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலியாள் அவரிடம் வந்து நின்றான். அவனுக்காக வாதாடி வேறு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார். தமிழ்த் தொழிலாளர் அவரைத் தேடி வரத் தொடங்கினர்.

அவர்களுடன் பேசவென்று தமிழ் கற்க ஆசைப்பட்டார். 1896 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த கப்பலிலே வைத்தியர் ஒருவர் கொடுத்த தமிழ்ப் போதினியை வைத்துத் தொடங்கினார். பின்பு தென்னாபிரிக்கச் சிறைகளிலே தொடர்ந்தார். சிறைக்கு வெளியே நேரம் கிடைக்கவில்லை. வாசிக்கச் சிறிது வந்தது, பேச வரவேயில்லை, வாசிப்பும் பழக்கமின்றித் துருப்பிடித்தது. அதை அவர் மறைக்கவில்லை. தில்லையாடி வள்ளியம்மை முதலிய தமிழர் அந்தப் போராட்டத்திலே செய்த தியாகத்தை நினைக்குந்தோறும் அம்மொழியைப் பேச அறியாத குறை அவரை வருத்தியது. தமிழிலே தம் பெயரை எழுதிக் கையொப்பமிடப் பிற்காலத்தும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜொகான்னஸ்பேர்க்கில் இருந்தபோது கீதையை மனனஞ் செய்ய விரும்பினார். தனி நேரம் இல்லை. காலையிலே பல் விளக்கப் பதினைந்து நிமிடமும் நீராட இருபது நிமிடமும் செலவாவதைக் கண்டார். பல் விளக்கும் இடத்துச் சுவரிலே சுலோகங்களை எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்து நாளுக்குச் சிலவாக நெட்டுருப் போட்டார். பதின்மூன்று அத்தியாயம் வரை போயிற்று. பின்பு பொதுவேலை பெருகி அதுவும் நின்றது. தேவாரம் மனனஞ் செய்ய நேரமில்லை என்னும் நம் இளைஞர் கிணற்றடியிலே செலவிடும் நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். பதின்மூன்றோடு நின்றதை அவர் பதின்மூன்றாகவே எண்ணினார். பதினெட்டு ஆகாத பூச்சியமாக எண்ணவில்லை.

பிரமசரியத்தை மேற்கொள்ள முயன்று சில ஆண்டுகள் தளர்ந்தார். விரதமாக எடுத்தால் முறிந்துவிடுமோ என்று அஞ்சி, முயன்று பார்ப்போம் என்ற அளவிலே வைத்திருந்ததே தளர்ச்சிக்குக் காரணமென்று பின்பு கண்டார். 1906 ஆம் ஆண்டு மனைவியுடன் கலந்து முடிவாக விரதம் பூண்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 11 ஆந் திகதி ஜொகான்னஸ்பேர்க்கிலே இந்தியர் கூடி, அநியாயச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கடவுள் சாட்சியாகச் சத்தியஞ் செய்யப் புகுந்தபோது, அவர் அவர்களைத் தடுத்து நிறுத்தி, சத்தியத்தின் பாரத்தை விளக்கினார். மற்றவரெல்லாம் விலகினும் தான் தனியே நிற்கத் துணிந்தவனே கையை உயர்த்த வேண்டும் என்பது அவர் எச்சரிக்கை. எளிதிலே வாக்குக் கொடுத்து எளிதிலே மீறும் மனத்தின் இயல்பு அவருக்குப் புத்தகத்தாற் தெரிந்ததன்று.

அவருடைய உறுதி வீட்டாருக்கு எப்போதும் இனிமையாயிருந்ததென்று சொல்ல முடியாது. 1898 ஆம் ஆண்டு டர்பனிலே, வீட்டிலே தங்கிய குமாஸ்தா ஒருவரின் மலசல பாத்திரத்தை முகங் கோணாமற் சுத்தஞ் செய்யவில்லை என்று கஸ்தூரிபாயைக் கையிற் பிடித்து வாயில்வரை இழுத்துச் சென்றார். அதைத் தாமே எழுதி வெட்கப்பட்டார். மூத்த மகன் ஹரிலால் தந்தையோடு பிணங்கிப் பிரிந்து வாழ்க்கை சிதைந்தார். தனக்கு விதித்த நியமத்தை மனைவி மக்கள் மேலும் சுமத்துகிறவர்கள் இப்பகுதியை இருமுறை வாசித்தல் நன்று. ஒருமுறை மட்டும் வேறுவிதமாக நடந்தது. நோயுற்ற மனைவியை உப்பையும் பருப்பையும் விடும்படி சொன்னபோது, உம்மால் முடியுமா என்ற பொருளிலே அவர் கேட்டார். அக்கணமே ஓராண்டுக்குத் தாம் விடுவதாகச் சொல்லிவிட்டார் கணவர். மனைவி அழுது மன்றாடியும் பின்வாங்கவில்லை. ஓராண்டு கடந்தும் பல ஆண்டுகள் அது நீடித்தது.

பால் விடயம் அப்படி முடியவில்லை. 1912 ஆம் ஆண்டு டால்ஸ்டாய் பண்ணையிலே நண்பர் கல்லன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார், பின்பு விரதமாக்கினார். 1918 ஆம் ஆண்டு வயிற்றுளைவினால் மரணத்தறுவாய்க்கு வந்தார். பாலின்றி உடம்பு தேறாதென்றார் வைத்தியர். விரதம் எடுத்தபோது நினைத்தது பசுவும் எருமையுமே, ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்றார் கஸ்தூரிபாய். அவர் இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டுவிட்டேன் என்ற வருத்தம் அவரை நீங்கவில்லை. ஆட்டுப்பாலை விடவும் முடியவில்லை. ஆயினும் ஒரு விரதம் பழுதாயிற்றென்று மற்றவற்றை அவர் அவிழ்த்து விடவில்லை. 1915 ஆம் ஆண்டு அரித்துவாரத்துக் கும்பமேளாவிலே, நாளொன்றுக்கு ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை என்றும், இருட்டியபின் உண்பதில்லை என்றும் எடுத்த நியமம் அந்த நோய்க்காலத்தைக் கடந்தும் நடந்தது. நம்மிலே பெரும்பாலோர் செய்வது மறுதலை. விரத நாளிலே தவறி ஒரு தேநீர் குடித்துவிட்டால், இனியென்ன என்று கடையிலே இருந்து சாப்பிட்டுவிட்டே எழுகிறோம்.

இந்தியாவிலே அவர் நடத்திய போராட்டங்கள் யாவரும் அறிந்தவை. அவற்றினூடே இராட்டினம் நாள்தோறும் சுழன்றது. திங்கட்கிழமைகளிலே மௌனம். விடியுமுன்னும் மாலையிலும் பிரார்த்தனை. 1930 ஆம் ஆண்டு அறுபதாம் வயதிலே தண்டிக்கு நடந்த 241 மைலிலும், 1931 ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மகாநாட்டிலும் நூற்பு நடந்தது. இராஜ்கோட்டிலே தேகப்பயிற்சிக்கு ஒளித்த சிறுவனின் கால்களே கடலை நோக்கி நடந்தவை.

1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலங்கைக்கு வந்து, அம்மாத முடிவிலே யாழ்ப்பாணத்திலும் சில நாள் தங்கினார். அவரை அழைப்பதிலே முன்னின்றது யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், வாலிபர்கள் கூடி அமைத்த சபை. கஸ்தூரிபாய், இராஜகோபாலாச்சாரியார், மகாதேவ தேசாய் ஆகியோரும் உடன் வந்தனர். கதர் நிதிக்குப் பணஞ் சேர்த்தார். மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வற்புறுத்தினார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, இராமநாதன் கல்லூரி, உடுவில் மகளிர் பாடசாலை முதலியவற்றிலே மாணவர்களோடு பேசினார். தமிழர் நாட்டிலே தமிழிலே பேச இயலாதவராகத்தான் வந்து நின்றார். அவர் தம் வாழ்க்கைத் தவறுகளை வாரந்தோறும் அச்சிலேற்றிக்கொண்டிருந்த காலமும் அதுவே. நமது பாட்டன்மார் கண்டு கைகூப்பிய அந்த மனிதர், பொன் வெட்டியதையும் வழக்குமன்றிலே நாவடைத்து ஓடியதையும் அதற்கு முன்னமே உலகறியச் சொல்லிவிட்டிருந்தார்.

1944 ஆம் ஆண்டு ஆகாகான் மாளிகைச் சிறையிலே கஸ்தூரிபாய் கணவர் மடியிலே உயிர் நீத்தார். 1946 ஆம் ஆண்டு முடிவிலே வங்காளத்து நவகாளியிலே கலகத்தால் இடருற்ற மக்களிடையே கிராமம் கிராமமாக நடக்கப் புறப்பட்டபோது, எழுபத்தேழாம் வயதிலே வங்காள மொழியைக் கற்கத் தொடங்கினார். தமிழிலே தோற்ற அநுபவம் அவரைத் தடுக்கவில்லை. நாளுக்குச் சிறிதாக ஓர் எழுத்துப் பாடம்; அவ்வளவே.

1948 ஆம் ஆண்டு சனவரி 30 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, டில்லியிலே பிர்லா மாளிகையில் வழக்கம்போல விடியுமுன் எழுந்து பிரார்த்தனை செய்தார். அன்றைய வங்காளப் பாடத்தையும் எழுதி முடித்தார். மாலையிலே வல்லபாய் பட்டேல் முக்கியமான விடயம் பேச வந்திருந்தார். பிரார்த்தனை ஐந்து மணிக்கு. பேச்சை இடைமறிக்க அஞ்சிய பேத்திமாரில் ஒருத்தி கடைசியில் மணிக்கூட்டை எடுத்துக் காட்டினாள். மனுவின் தோளிலும் ஆபாவின் தோளிலும் கை வைத்துக்கொண்டு புற்றரையைக் குறுக்கே கடந்து விரைந்தார். நேரத்தை நினைவூட்ட வேண்டிய நீங்களே பிந்த விட்டீர்களே, பிரார்த்தனைக்கு ஒரு நிமிடம் பிந்துவதும் தமக்குப் பொறாது என்று வழியிலே அவர்களைக் கடிந்துகொண்டார். படியேறிக் கூட்டத்துக்குக் கைகூப்பியபோது மூன்று வெடிகள் கேட்டன. மணி ஐந்து பதினேழு.